வைராக்கிய நாள்

பண்ணைப்புரம்
14.7.2024

அன்புள்ள தம்பி சுரேஷ்கண்ணனுக்கு அக்கா முனீஸ்வரி எழுதுவது. இங்கே நானும் உன் மச்சானும் மகள் கயலும் நலமாக இருக்கிறோம். மலையில் குளிர் அதிகம் என்கிறார்கள், கம்பளி போதுமா? அம்மாவை நலமாக இருப்பவர்கள் கணக்கில் நான் சேர்க்கவில்லை என்பதை நீ கவனித்திருப்பாய். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஆனி பிறந்ததிலிருந்து அம்மாவுக்குக் கால் இரண்டும் வீக்கம். ஏலத்தோட்டத்துக் குளிர் என்று சொல்லிச் சமாளித்தாள். போன திங்கட்கிழமை தோட்ட வேலைக்குப் போக உன் மச்சானின் ஜீப்பில் ஏறுவதற்குக் காலைத் தூக்கியவள் தூக்க முடியாமல் அப்படியே நின்றுவிட்டாள். மற்ற பெண்கள் எல்லாம் உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இவர் வேலையை விட்டுவிட்டு அவளைத் தேனிக்குக் கூட்டிப்போனார். இதயம் வீங்கியிருக்கிறது, நெஞ்சில் நீர் கோக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். எத்தனை நாள் என்று கேட்டேன். ஆறு மாதமும் இருக்கலாம், ஒரு வருடமும் இருக்கலாம், என்னிடம் கேட்காதீர்கள் என்றார்.

நீ கருத்தய்யா சபையில் விரதம் எடுத்து வருகிற ஆவணியோடு இரண்டு வருடம். மூன்று வருடம் முடியாமல் எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது என்பது எனக்குத் தெரியும். விரதத்தில் இருப்பவர்களுக்குப் போன் கிடையாது, கடிதமும் அமாவாசைக்கு அமாவாசைதான் கையில் கொடுப்பார்கள் என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன். ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போ. காலையில் வந்து சாயங்காலம் போய்விடு. அம்மா வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்க மாட்டாள் என்பது உனக்கும் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா
முனீஸ்வரி


கருத்தய்யா நெறிச் சபை
வருசநாட்டு மலை
5.8.2024

அன்பு அக்காவுக்கு, அய்யா துணையால் நான் நலம். மச்சானுக்கும் கயலுக்கும் என் அன்பைச் சொல்லவும். அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டதாகச் சொல்லவும்.

உன் கடிதம் நேற்று ஆடி அமாவாசையன்று கிடைத்தது. இரவெல்லாம் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆனால் நான் வர முடியாது அக்கா. விரதம் முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. நடுவில் இறங்கினால் முதலிலிருந்து எடுக்க வேண்டும். முறித்தவர்கள் யாரும் திரும்ப எடுத்ததில்லை என்று பெரியவர் வைகுண்டராஜ் சொல்கிறார்.

அய்யாவின் கதை உனக்கும் தெரியும். அவருடைய தாய் இறந்த சேதி வந்தபோது ஐம்பது பேருக்கு நடுவில் பேசிக்கொண்டிருந்தார். சேதியைக் கேட்டார், பேச்சை நிறுத்தவில்லை. மலையை விட்டு இறங்கவும் இல்லை. அந்த ஐப்பசி பத்தைத்தான் வைராக்கிய நாள் என்று கொண்டாடுகிறோம். அவர் கடந்ததில் காலே அரைக்கால் பங்காவது நான் கடக்க வேண்டாமா?

இங்கே எனக்கு ஒரு பெரிய வேலை கொடுத்திருக்கிறார்கள். அய்யாவின் நூற்றாண்டு வருகிறது. அவர் கைப்பட எழுதிய நாற்பது பக்க நோட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. எல்லாம் பென்சில் எழுத்து, பாதி அழிந்துவிட்டது. நான் எம்.ஏ. தமிழ் படித்தவன் என்று என்னை எடுத்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு குடிகாரன் கையில் இதைக் கொடுத்திருக்கிறார்களே என்று முதல் நாள் பெட்டியைத் திறக்காமலே வைத்திருந்தேன்.

அம்மாவுக்கு மருந்தை நேரத்துக்குக் கொடு. உப்பைக் குறை.

தம்பி
சுரேஷ்கண்ணன்


பண்ணைப்புரம்
18.8.2024

தம்பிக்கு, அக்கா. நாங்கள் நலம். நீ நலமாகத்தான் இருப்பாய்.

உன் கடிதத்தைக் கயலை விட்டு அம்மாவுக்குப் படித்துக் காட்டச் சொன்னேன். நான் படித்தால் நடுவில் ஏதாவது பேசிவிடுவேன். உப்பைக் குறைக்கச் சொல்லி நீ எழுதியதைக் கேட்டு அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கருத்தய்யா பெரிய மனிதர். இல்லை என்று நான் எப்போதும் சொன்னதில்லை. கடமலைக்குண்டுப் பக்கம் சாராய அடுப்புகளை அவிக்க வைத்தவர். எந்தத் தெருக்காரனையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தவர். அந்தக் காலத்தில் அதற்கு நெஞ்சுரம் வேண்டும். அவர் சபைக்கு நீ போகாமல் இருந்திருந்தால் உன்னை இரண்டு வருடம் முன்பே தூக்கிப் போட்டிருப்போம். அந்த நன்றி எனக்கு உண்டு.

ஆனால் ஒரு மனிதர் பத்து நல்ல காரியம் செய்தால் பதினொன்றாவதாகச் செய்ததும் நல்லதாகிவிடுமா? தாய் சாவுக்குப் போகாமல் இருந்தவர் அவர். அதற்குப் பொங்கல் வைப்பவர்கள் நீங்கள். அந்தத் தாயின் பேர் என்ன என்று உங்கள் வரலாற்றுப் புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். "அய்யாவின் தாயார்" என்று ஏழு இடத்தில் இருக்கிறது. பேர் ஓரிடத்திலும் இல்லை. அவளைத் தூக்கிப் போட்டது யார், கொள்ளி வைத்தது யார், அவள் கடைசியில் என்ன கேட்டாள், ஒன்றும் இல்லை. அய்யா பேச்சை நிறுத்தவில்லை என்பது மட்டும் இருக்கிறது.

யானை போன வழி வீதி என்பார்கள். யானை போகலாம், அதற்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. மிதிபட்ட வெள்ளாமைக்காரனைக் கேட்டுப்பார்.

அம்மாவுக்கு நெஞ்சிலிருந்து ஒருமுறை நீர் எடுத்தார்கள். இப்போது மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்குகிறாள். கோபத்தில் ஏதாவது அதிகமாக எழுதியிருந்தால் என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும்.

முனீஸ்வரி


சபை
4.9.2024

அன்பு அக்கா, நலம். எல்லோரும் நலமாக இருக்க அய்யாவை வேண்டுகிறேன்.

நீ அவ்வளவு கேட்டுவிட்டாய். அதனால் உண்மையை எழுதுகிறேன். பெரியவரிடம் கூடச் சொல்லாதது.

நான் வராமல் இருப்பது வைராக்கியத்தால் இல்லை. இங்கிருந்து இறங்கினால் கடமலைக்குண்டு, அடுத்து ஆண்டிபட்டி, தேனி, சின்னமனூர். ஒவ்வொரு பஸ் ஸ்டாண்டிலும் எந்தச் சந்தில் கடை இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் போவேன். அம்மாவை அப்படிப் படுக்கையில் பார்த்துவிட்டு அந்தச் சந்துகளை நான் எப்படிக் கடப்பேன்? இங்கே எல்லைக் கல் ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டாதவரை நான் குடிக்காத ஆள். தாண்டினால் யார் என்று எனக்குத் தெரியாது.

நான் அம்மாவைத் தள்ளிவிட்டு அவள் கை ஒடிந்த அன்று, அவள் டாக்டரிடம் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். நீ பக்கத்தில் நின்று என்னையே பார்த்தாய். அந்தப் பார்வை இன்னும் இருக்கிறது. அய்யாவைப் பிடித்துக்கொண்டுதான் அதிலிருந்து எழுந்தேன். பிடித்துக்கொள்ளும்போது அவரில் எது சரி எது தப்பு என்று பிரித்துப் பார்க்கத் தெம்பு இல்லை அக்கா. முழு ஆளையும் பிடித்துக்கொண்டேன்.

அம்மா என்ன சொல்கிறாள் என்று எழுது. நீ சொல்வதை அல்ல, அவள் சொல்வதை.

சுரேஷ்கண்ணன்


பண்ணைப்புரம்
15.9.2024

தம்பி சுரேஷுக்கு, அக்கா. நாங்கள் நலம், உன் நலமறிய ஆவல்.

போன கடிதத்தைக் கயலிடம் கொடுக்காமல் நானே படித்தேன். பஸ் ஸ்டாண்டு விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொன்னாள். பிறகு எழுது என்றாள். அவள் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன்.

"ஏலே சுரேசு, ஆத்தா சொல்றேன்டா. உங்கக்கா கோவக்காரி, அவ எழுதுறத மனசுல வச்சுக்கிறாத. எனக்கு இப்பத் தேவல. டாக்டரம்மா நல்லாப் பாத்துக்கிறாக. நீ அங்கனயே இரு. நீ குடிக்காம இருக்கிறத நெனச்சாலே எனக்குப் பாதி நோவு போயிருது. கையி எப்பவோ கூடிருச்சு. மழை நாள்ல லேசா வலிக்கும், அதப் பெருசா நெனைக்காத. அய்யா நாளுக்கு மண்டவெல்லம் நாலு கிலோ வாங்கி பானையில போட்டு வச்சிருக்கேன், எறும்பு ஏறாம வேப்பிலை போட்டு. மாப்பிள்ளைகிட்டக் குடுத்துவிடுறேன். பொங்கல்ல போட்டு எல்லாருக்கும் குடு, நீயும் வயிறாரத் தின்னு. நான் இங்கன நல்லாத்தான் இருக்கேன்."

இவ்வளவுதான் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் நான்கு தடவை மூச்சு வாங்கினாள். அதை எழுதாதே என்றாள், நான் எழுதிவிட்டேன்.

நீ பிடித்துக்கொண்டதை விடச் சொல்லி இனி எழுத மாட்டேன். ஆனால் அவள் வரவேண்டாம் என்று சொல்வதைக் கேட்டு நிம்மதியாகிவிடாதே. அது மட்டும்தான் என் வேண்டுதல்.

முனீஸ்வரி


சபை
3.10.2024

அன்பு அக்கா, அனைவரும் நலம்தானே?

அம்மாவின் வார்த்தைகளை நேற்று மாலையிலிருந்து எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. "வேப்பிலை போட்டு" என்கிற இடத்தில் அவள் குரல் அப்படியே கேட்கிறது. அடுத்த கடிதத்திலும் இரண்டு வரி அவளைச் சொல்லச் சொல். மூச்சு வாங்கினால் ஒரு வரி போதும்.

நோட்டுகளில் பதினேழு முடித்துவிட்டேன். அய்யாவின் எழுத்து இப்போது பழகிவிட்டது. பெரும்பாலும் பயிர் பற்றியும் மழை பற்றியும் எழுதியிருக்கிறார். யாருக்குக் காய்ச்சல், யார் அழுதார்கள், எந்த மாடு சினை, எல்லாம் இருக்கிறது. புத்தகத்தில் வருகிற அய்யா இப்படி மாட்டைப் பற்றியெல்லாம் பேச மாட்டார். இவரை எனக்கு இன்னும் அதிகமாகப் பிடிக்கிறது.

அம்மாவுக்கு மூச்சுத் திணறல் எப்படி? கால் வீக்கம் வடிந்ததா? மறக்காமல் எழுது.

தம்பி
சுரேஷ்கண்ணன்


பண்ணைப்புரம்
24.10.2024

தம்பிக்கு, அக்கா. நலம்.

நீ கேட்டதற்குப் பதில். அம்மாவுக்கு இப்போது மூச்சுத் திணறல் இல்லை. கால் வீக்கமும் இல்லை. வலி என்று சொல்வதில்லை.

வெல்லத்தை உன் மச்சான் சனிக்கிழமை கொண்டு வருவார். இந்தக் கடிதத்தையும் அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். வாசலில் அவரை நிறுத்தி எதுவும் கேட்டுக்கொண்டிருக்காதே, அவருக்கு அவசர வேலை இருக்கிறது. இரண்டு வரி கேட்டிருந்தாய். இந்த முறை இல்லை.

இங்கே மழை. திராட்சைக் கொடியில் பாதிப் பூ கொட்டிவிட்டது.

முனீஸ்வரி


சபை
2.11.2024

அன்பு அக்கா, நலம், நலமறிய ஆவல்.

அம்மாவுக்கு வீக்கம் வடிந்தது கேட்டு எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எப்படி எழுதுவேன். பார்த்தாயா, அய்யா கைவிடவில்லை. நீயும் ஒருநாள் இங்கே வந்து கும்பிட வேண்டும்.

வைராக்கிய நாள் சிறப்பாக நடந்தது. எட்டு அண்டாப் பொங்கல். அதில் ஓர் அண்டா முழுக்க அம்மாவின் வெல்லம். நான் அதைத் தனியாகக் காட்டி, இது பண்ணைப்புரம் மொக்கம்மாள் கொடுத்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். அம்மா வயிறாரத் தின்னச் சொல்லியிருந்தாள் அல்லவா, மூன்று இலை சாப்பிட்டேன். இவ்வளவு இனிப்பு நான் சாப்பிட்டதில்லை என்று அவளிடம் சொல்.

மச்சான் மூட்டையை இறக்கிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிட்டார். மாப்ள என்று கூப்பிடக்கூட இல்லை. என் மேல் கோபமா? கோபம் என்றால் அது நியாயம்தான் என்று சொல்.

அம்மாவின் இரண்டு வரிக்காகக் காத்திருக்கிறேன்.

சுரேஷ்கண்ணன்


சபை
2.12.2024

அன்பு அக்காவுக்கு, நலம்தானே? இந்த அமாவாசைக்கு உன் கடிதம் இல்லை. முதல் தடவை. தபால் தவறியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். இருபத்து மூன்றாவது நோட்டில் ஒரு பக்கம். அப்படியே எழுதுகிறேன்.

"இன்றைக்கு ஐப்பசி பத்து. சர்க்கரைப் பொங்கல் வாசம் இங்கே வரைக்கும் வருகிறது. ஆத்தா செத்த நாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். முதல் வருசமே வேண்டாம் என்று சொல்லியிருக்கணும். சொல்லவில்லை. நான் ஒரு வாய்கூடத் தின்றதில்லை, விரதம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சேதி வந்தபோது பேச்சை நிறுத்தினால் எழுந்துவிடுவேன், எழுந்தால் போய்விடுவேன், போனால் பழைய ஆளாகிவிடுவேன் என்று பயந்து பேசிக்கொண்டே இருந்தேன். என்ன பேசினேன் என்று எனக்குத் தெரியாது. அதற்கு வைராக்கியம் என்று பேர் வைத்தார்கள். நான் மறுக்கவில்லை, கேட்க நன்றாக இருந்தது. என் ஆத்தா சண்முகத்தாய் மூன்று நாள் வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்தாளாம். போன வாரம் ஒரு பையன் வந்து, நானும் அய்யா மாதிரி வீட்டை விட்டு வந்துவிடவா என்றான். திருநீறு பூசிவிட்டேன். பூசியிருக்கக் கூடாது."

படித்துவிட்டு நோட்டை மூடி வைத்தேன். திரும்பத் திறந்து படித்தேன். அக்கா, அவருக்கும் பயம். எனக்கு இருந்த அதே பயம்.

பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. "இதப் புத்தகத்துல போட வேணாம் தம்பி. ஜனங்க அய்யாவப் பாத்து நடக்கணும்னா அவுக தடுமாறாம நிக்கணும்ல" என்றார். தடுமாறினேன் என்று அவரே எழுதியிருக்கிறாரே என்றேன். "அது அவுக பெருந்தன்மை" என்று நோட்டை வாங்கி வைத்துக்கொண்டார்.

நீ ஆவணியில் கேட்டாயே, பத்து நல்லது செய்தவர் செய்த பதினொன்றாவதும் நல்லதா என்று. இல்லை என்று அவரே பதில் எழுதி வைத்திருக்கிறார். ஐம்பது வருடமாக டிரங்குப் பெட்டியில் கிடந்திருக்கிறது. அவரைப் பார்த்து நடப்பது என்றால் இனி இந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் நடப்பேன்.

நான் வருகிறேன் அக்கா. பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை. அதற்குள் நோட்டு வேலையை முடித்து ஒப்படைத்துவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டுகளில் பயம் இருக்கிறது, பயத்தோடு வருகிறேன். அம்மாவிடம் முன்கூட்டிச் சொல்லாதே. நான் வாசலில் வந்து நிற்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

உன் தம்பி
சுரேஷ்கண்ணன்


பண்ணைப்புரம்
10.12.2024

தம்பி,

நலம் விசாரிக்கிற கடிதம் இல்லை இது. தபாலில் போட்டால் அடுத்த அமாவாசைக்குத்தான் உனக்குக் கிடைக்கும், நீ அதற்குள் வந்து வாசலில் நின்றுவிடுவாய். அதனால் உன் மச்சானைக் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். எங்கேயாவது உட்கார்ந்துகொள்.

அம்மா இல்லை. அக்டோபர் ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, காப்பி குடித்துவிட்டு டம்ளரை என்னிடம் கொடுத்த கையோடு போய்விட்டாள். உனக்கு நான் அதன் பிறகு ஒரு கடிதம் எழுதினேன். மூச்சுத் திணறல் இல்லை, வீக்கம் இல்லை என்று. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மூன்றாவது நாள் எழுதியது அது.

நான் பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய்தான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். புரட்டாசி நடுவில் ஒருநாள் அம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னாள். "நான் போயிட்டா அவனுக்குச் சொல்லிவிடாத ஆத்தா. சொல்லி அவன் வந்தான்னா விரதம் போயிரும், மறுபடியும் குடிக்க ஆரம்பிச்சிருவான். சொல்லியும் வரலேன்னா ஊருக்குள்ள என்ன பேசுவாக? பெத்தவ சாவுக்கு வராதவன்னு காலத்துக்கும் பேசுவாக. சொல்லாம விட்டுட்டா, பாவம் பையனுக்குத் தெரியாதுன்னு போயிரும்ல."

இரண்டாவது காரணத்தைச் சொல்லும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நீ வரமாட்டாய் என்று அவள் நினைத்துவிட்டாள் தம்பி. வருவான்மா என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாகப் போகிறவளுக்குச் சும்மாவாவது சொல்லியிருக்கலாம். எனக்கே நிச்சயம் இல்லாததால் வாய் வரவில்லை. அதுதான் என்னைத் தின்கிறது. உன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டே இருந்தவள், சொல்ல வேண்டிய இடத்தில் சும்மா இருந்துவிட்டேன்.

கொள்ளி வைத்தது சித்தப்பா மகன் அழகர். உன் இடத்தில் அவன்தான் மொட்டை போட்டான். அவனுக்கு மனது கேட்காமல், எனக்குத் தெரியாமல் அன்று காலையே சபைக்குப் போன் போட்டிருக்கிறான். பெரியவர் காதில் போடுகிறோம் என்றார்களாம். சொல்லியிருப்பார்கள், தெரிந்துதான் நீ வரவில்லை என்று அவனும் உன் மச்சானும் ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை உன் மச்சான் பேசாமல் திரும்பியது அதனால்தான். பிறகு உன் கடிதம் வந்தது. மூன்று இலை சாப்பிட்டேன் என்று. அப்போதுதான் உனக்கு ஒன்றும் தெரியாது என்று அவர்களுக்குப் புரிந்தது, எனக்கும் அந்தப் போன் விஷயம் தெரிந்தது.

வெல்லத்தை நான் அனுப்பியிருக்கக் கூடாது. துக்க வீட்டிலிருந்து இனிப்பு போகக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? அவள் கையால் வேப்பிலை போட்டு வைத்த பானை அடுப்படியில் இருந்தது. அதை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, கொட்டவும் முடியவில்லை. பெற்றவள் செத்த இருபத்தோராம் நாள் உன்னைப் பொங்கல் தின்ன வைத்துவிட்டேன். அதன் பிறகு உனக்கு என்னால் எழுத முடியவில்லை.

நீ எழுதிய அய்யாவின் பக்கத்தை நான் படித்தேன். அழுதேன். அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த கோபம் போய்விட்டது. இரண்டு மாதம் முன்னால் அந்த நோட்டு உன் கையில் கிடைத்திருக்கக் கூடாதா?

அக்கா


கடமலைக்குண்டு
16.12.2024

அன்பு அக்காவுக்கு,

மச்சான் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று கடிதத்தைக் கொடுத்து, "உக்காந்து படி மாப்ள" என்றார். படித்து முடிக்கும்வரை போகவில்லை. பிறகு கல்லைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இருட்டுவதற்குள் போகச் சொல்லி நான்தான் அனுப்பி வைத்தேன்.

மறுநாள் பிரார்த்தனைக் கூட்டத்தில் பெரியவர் என்னை முன்னால் கூப்பிட்டார். அழுத முகத்தைப் பார்த்து விஷயம் தெரிந்துவிட்டது என்று கண்டுகொண்டார் போல. இருநூறு பேருக்கு முன்னால் என் தோளில் கை போட்டார். "நம்ம சுரேஷ்கண்ணன் தம்பியோட தாயார் ரெண்டு மாசத்துக்கு முன்னாடி காலமாயிட்டாக. தம்பி மலைய விட்டு எறங்கல. அய்யா நடந்த வழியில நம்ம கண்ணு முன்னாடி ஒருத்தரு நடந்து காட்டிட்டாரு" என்று சொல்லி மாலை போட்டார். எல்லோரும் கும்பிட்டார்கள். ஓர் அம்மா தன் மகனை என் காலில் விழச் சொன்னாள். இருபது வயது இருக்கும், விழுந்தான்.

அய்யா சொன்னாரே, கேட்க நன்றாக இருந்தது என்று. ஒரு நிமிடம் எனக்கும் இருந்தது அக்கா. உன்னிடம் மறைக்க மாட்டேன். அந்த ஒரு நிமிடத்துக்காக என்னை நான் மன்னிக்கப் போவதில்லை.

பையனைத் தூக்கி நிறுத்தினேன். மாலையைக் கழற்றினேன். அம்மா செத்தது எனக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லவில்லை என்றேன். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு இருபத்து மூன்றாவது நோட்டில் இருந்ததை மனப்பாடமாகச் சொன்னேன். சிலர் எழுந்து போனார்கள். சிலர் அழுதார்கள். அய்யாவை அவமானப்படுத்துகிறாய் என்று ஒருவர் கத்தினார். நான் அவரை அவ்வளவு நேசித்தது அன்றுதான் என்று எப்படி விளக்குவது?

வெள்ளிக்கிழமை கல்லைத் தாண்டி இறங்கினேன். நேராக வீட்டுக்கு வரவில்லை. கடமலைக்குண்டில் தேங்காய் உரிக்கிற களத்தில் தங்கி வேலை செய்கிறேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில்தான். முதல் நாள் அந்தச் சந்துவரை போய்த் திரும்பினேன். இரண்டாம் நாள் போகவில்லை. மூன்றாம் நாளும் போகவில்லை. குடிக்காத ஆளாக வந்து அம்மா படத்துக்கு முன்னால் நிற்க வேண்டும், இன்னும் மூன்று நாள் பார்த்துக்கொள்கிறேன். வியாழக்கிழமை வருகிறேன்.

நீ வெல்லம் அனுப்பியதற்காக அழாதே. அம்மா தின்னச் சொன்னதை நான் தின்றேன், அவ்வளவுதான். வருவான் என்று சொல்லாமல் விட்டதற்காகவும் அழாதே. நீ சொல்லியிருந்தால் அது பொய்யாகியிருக்கும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அம்மா சாகும்போதுகூட என் பேர் கெடக் கூடாது என்று யோசித்து ஒரு வழி செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கை ஒடிந்தபோது வழுக்கி விழுந்தேன் என்று சொன்னவள் அல்லவா. அந்த வழியில் நான் போகப் போவதில்லை. அவள் போன நாள்தான் எனக்குத் தெரியாது. போகப் போகிறாள் என்பது ஆடி அமாவாசையிலிருந்தே தெரியும். நீ எழுதினாய், நான் படித்தேன், உப்பைக் குறை என்று பதில் போட்டேன்.

நான் வரும் அன்று தெருவில் யாராவது, "பாவம், பையனுக்குத் தெரியாதுல்ல" என்பார்கள். நீ தலையாட்டாதே அக்கா. தெரியும், தெரிந்துதான் வரவில்லை என்று சொல். உனக்கு வாய் வராவிட்டால் தள்ளி நில், நானே சொல்லிக்கொள்கிறேன்.

மச்சானுக்கும் கயலுக்கும் அழகருக்கும் என் வணக்கம்.

மொக்கம்மாள் மகன்
சுரேஷ்கண்ணன்